ஹாரன் அடித்தால் நிற்கும் இரைச்சல்

எங்கள் தெருவில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எனக்கு மாடியை வாடகைக்கு விட்டிருந்த அம்மாவுக்கு அவர் மாப்பிள்ளை. அதனால் தெருவுக்கே மாப்பிள்ளை. தையல்காரர், பல் டாக்டர், மூலைக் கடைக்காரர் எல்லோருக்கும் 'சிக்னல் மாப்பிள்ளை'. விமான நிலையத்தில் வேலை என்றதும் முதலில் பைலட் என்று நினைத்துக்கொண்டு கொஞ்ச நாள் கூடுதல் மரியாதை கொடுத்தார்களாம். அவர் ஒரு கம்பத்தடியில் குனிந்து புல் வெட்டிக்கொண்டிருந்ததை யாரோ பார்த்துவிட்டு வந்து சொன்னதும் மரியாதை வழக்கமான அளவுக்கு இறங்கிவிட்டது.

அவர் வேலை இதுதான்: தரையில் இருப்பவர் பேசுவது வானத்தில் இருப்பவருக்குக் கேட்க வேண்டும், வானத்தில் இருப்பவர் பேசுவது தரையில் கேட்க வேண்டும். சொல்வதற்கு ஒரு வரி. அதற்காக ரன்வேயின் இந்தக் கோடியில் ஓர் அறை, அந்தக் கோடியில் ஓர் அறை. ஒன்றில் பேச்சை அனுப்பும் கருவிகள். மற்றொன்றில், அது வேலிக்கு வெளியே எங்கள் தெருவுக்குப் பின்னால் இருந்தது, பேச்சை வாங்கும் கருவிகள்.

"வாயும் காதும் பக்கத்துல இருந்தா தன் சத்தமே தனக்குக் கேட்டுட்டு இருக்கும் தம்பி. மத்தவங்க பேசறது காதுல விழாது. அதனாலதான் தள்ளித் தள்ளி வெச்சிருக்கோம்" என்று எனக்கு விளக்கினார்.

"சில ஆளுங்களுக்கும் அப்படிச் செஞ்சிருக்கலாம்" என்றார் பக்கத்தில் இருந்த அவர் மனைவி, யாரையும் பார்க்காமல்.

மாப்பிள்ளையுடைய அப்பா ஒரு பேருந்து நிலையத்தில் ஒலிபெருக்கியில் அறிவிப்பு செய்பவராக இருந்தவர். நல்ல மனிதர், கணீரென்ற குரல், ஆனால் அந்த ஒலிபெருக்கியில் அவர் சொன்ன ஒரு வார்த்தைகூட எந்தப் பயணிக்கும் புரிந்ததில்லை. வடக்கே போக வேண்டியவர்கள் தெற்கே போனார்கள். வீட்டுக்கு வந்து சத்தம் போட்டவர்களும் உண்டு. "எங்கப்பா சரியாத்தான் சொன்னாரு, நடுவுல இருந்த டப்பாதான் கெடுத்துச்சு" என்பார் மாப்பிள்ளை. நடுவில் இருக்கும் டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுவதே தன் பிழைப்பு என்று பள்ளிக்கூட நாளிலேயே முடிவு செய்துவிட்டாராம்.

அவர் அறைகளில் எல்லாமே ஜோடி ஜோடியாக இருக்கும். ஒன்று படுத்தால் அடுத்தது உடனே எழுந்து நிற்க வேண்டும். சும்மா இருக்கும் கருவியையும் வாரம் ஒருமுறை ஓட வைப்பார். இல்லையென்றால் அது கோபித்துக்கொள்ளும் என்பார். மின்சாரம் போனால் பேட்டரிகள், பேட்டரி களைத்தால் ஜெனரேட்டர். இவ்வளவு ஏற்பாட்டையும் ஒருமுறை ஒரு பல்லி கவிழ்த்திருக்கிறது. மின்கம்பிகள் சேரும் இடத்தில் குறுக்கே படுத்து, தன் உயிரையும் விட்டு, வானத்தையும் ஊமையாக்கியது. அன்றிலிருந்து கதவிடுக்குகளுக்கு வலை அடித்து வைத்திருந்தார். சுவரில் பல்லி கத்தினால் எல்லோரும் பலன் யோசிப்பார்கள். அவர் வலையில் ஓட்டை எங்கே என்று யோசிப்பார்.

காலையில் முதல் வேலை சோதனைக் குரல். மைக்கை அழுத்தி, "ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து" என்று ஏறி, "ஐந்து, நான்கு, மூன்று, இரண்டு, ஒன்று" என்று இறங்குவார். கன்ட்ரோல் டவரில் இருப்பவர் அதைக் கேட்டு மார்க் போட வேண்டும். ஒன்று என்றால் ஒன்றுமே புரியவில்லை. ஐந்து என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல. அதற்கு மேல் மார்க் கிடையாது.

அவர் கல்யாணமும் இந்த எண்ணிக்கையில்தான் ஆரம்பித்தது. விமான நிலைய முதலுதவி அறையில் அப்போது ஒரு நர்ஸ் இருந்தார். அவசரத்துக்குத் தெரிய வேண்டும் என்று அந்த அறைச் சுவரிலும் ஒரு ஸ்பீக்கர் வைத்திருந்தார்கள். தினமும் காலையில், மாத்திரை அலமாரியைத் துடைத்துக்கொண்டிருக்கும்போது, சுவரிலிருந்து ஒருவர் ஐந்து வரை ஏறி இறங்குவார். விரலை ஆணியில் கிழித்துக்கொண்டு மருந்து போட வந்தவர் "கொஞ்சம் எரியுமா?" என்று கேட்டதும் நர்ஸுக்குக் குரல் பிடிபட்டுவிட்டது.

"நீங்கதானா அது? உங்களுக்கு ஆறு தெரியாதா?"

"தேவைப்படலை" என்றாராம் இவர்.

கட்டுப் போட்டு முடித்த பிறகும் இருவருக்கும் சிரிப்பு அடங்கவில்லை. அடுத்த வருஷம் அவர் என் வீட்டுக்கார அம்மாவின் மாப்பிள்ளை ஆனார்.

வீட்டிலும் இந்த மார்க் வழக்கம் நுழைந்துவிட்டது. மனைவி சமையலறையிலிருந்து ஏதாவது கேட்டால், "மூணு. திருப்பிச் சொல்லு" என்பார். அவர் கோபமாகத் திருப்பிச் சொன்னால், "இப்ப அஞ்சு" என்பார். அதன் பிறகு அந்த வீட்டில் என்ன நடக்கும் என்பதை எழுத வேண்டியதில்லை.

இந்த நல்ல காலத்தில்தான் மனைவிக்கு, ஊரை ஒட்டிய கடல் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருந்த நகரத்தின் பெரிய ஆஸ்பத்திரியில் வேலை கிடைத்தது. சாலை வழியாகச் சுற்றி வந்தால் ஒரு பகல் முழுக்கப் போய்விடும். விமானத்தில் வந்தால் ஒரு தூக்கம் போடுவதற்குள் வந்துவிடலாம். சாயங்காலம் ஒரு சின்ன விமானம் உண்டு. பைலட்டுக்கும் பயணிகளுக்கும் நடுவில் கதவுகூட இல்லாத அளவுக்குச் சின்னது. வெள்ளிக்கிழமை தோறும் டியூட்டி முடிந்து அதைப் பிடித்து வருவார். முதல் வரிசையில், பைலட்டின் முதுகுக்குப் பின்னால் உட்காருவார். மாப்பிள்ளை ரன்வேக்கு வெளியே வேனோடு நிற்பார். இருவரும் நேரே அம்மா வீட்டுக்கு, அதாவது என் கீழ்வீட்டுக்கு, சாப்பிட வருவார்கள்.

இப்போது அந்த அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தெருவில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. மொட்டை மாடியில், நான் துணி உலர்த்தும் கொடிக்குப் பக்கத்தில், ஒரு டிவி ஆன்டெனா. அதன் கழுத்தில் ஒரு சின்னப் பெட்டி; மெலிந்து வரும் படத்தைப் பெரிதாக்கித் தரும் பூஸ்டர். கல்யாணமான புதிதில் மாப்பிள்ளை தன் கையால் மாட்டிக் கொடுத்தது. "ஏரோப்ளேனுக்குக் கம்பி கட்டறவர் என் டிவிக்குக் கட்டிக் கொடுத்திருக்காரு. படம் கண்ணாடி மாதிரி" என்று மூலைக் கடையில் அவர் சொல்லாத நாளில்லை. மாட்டிய அன்று மழை தூறியதால் பூஸ்டரின் மூட்டில் தற்காலிகமாக டேப் சுற்றிவிட்டு, "நாளைக்கு வந்து சரியாக் கட்டிடறேன் அத்தை" என்று இறங்கினாராம் மாப்பிள்ளை. அந்த நாளை இன்னும் வந்து சேரவில்லை.

டிவி எதற்கு என்று கேட்டால் செய்திக்கு என்பார் அம்மா. "சீரியலா? சீ, அதெல்லாம் யார் பாப்பாங்க." ஆனால் திங்கள் முதல் வெள்ளி வரை, பொழுது சாயும் நேரத்தில், என் அறைத் தரை வழியாக வயலின்கள் அழும். அதற்கு மேலே அம்மாவின் குரல்: "அடியே, அவளை நம்பாதேடி! பால்ல எதையோ கலக்கறா பாரு!" செய்தியில் யாரும் பாலில் எதையும் கலக்குவதில்லை என்று எனக்குத் தெரியும். வாடகைக்கு இருப்பவன், வாயைத் திறக்கவில்லை.

மாப்பிள்ளைக்கும் ஒரு பழக்கம். மாமியார் வீட்டுக்குள் திடுதிப்பென்று போய் நிற்கக் கூடாது என்பார். தெருமுனையில் வேன் திரும்பும்போதே இரண்டு ஹாரன். அந்தச் சத்தம் கேட்டதும் கீழே வயலின் பாதியில் செத்துப்போகும். ரிமோட்டை நம்பாமல் சுவர் ஸ்விட்சையே அணைத்துவிடுவார் அம்மா. முந்தானையைச் சரி செய்துகொண்டு, அடுப்பில் தேநீருக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, "வாங்க மாப்பிள்ளை, இப்பத்தான் படுக்கலாம்னு பாத்தேன்" என்பார். அவர் டீ குடித்துப் போகும்வரை டிவி ஓர் அலங்காரப் பொருள்தான்.

அந்த வருஷம் மழை கொட்டித் தீர்த்தது. மழை விட்ட பிறகு வானத்தில் இரைச்சல் ஆரம்பித்தது.

முதலில் சாயங்கால விமானத்தின் பைலட் சொன்னார்: இறங்கப் போகும் நேரத்தில் காதில் யாரோ வாணலியில் எண்ணெய் காய வைப்பது போல இருக்கிறது, டவர் சொல்வது பாதி விழவில்லை. மறுநாளும் அப்படித்தான். டவரில் இருந்தவர் நடுவயதுப் பெண்மணி. நிலையம் முழுக்க அவரை 'டவர் மேடம்' என்பார்கள். சாந்தமான குரலில் குத்துவதில் கெட்டிக்காரர்.

"சிக்னல்காரரே, நம்ம வானத்துல யாரோ பஜ்ஜி போடறாங்க. கொஞ்சம் என்னன்னு பாக்கறீங்களா?"

அவர் பார்த்தார். அனுப்பும் அறையில் குற்றமில்லை. வாங்கும் அறையில் குற்றமில்லை. கம்பி, மூட்டு, ஆன்டெனா, பல்லிவலை எல்லாம் ஒழுங்கு. இரைச்சல் வெளியிலிருந்து வந்தது. அதுவும் சனி, ஞாயிறு வராது. பொழுது சாயும்போது ஆரம்பித்துச் சாப்பாட்டுக்கு முன்னால் முடிந்துவிடும்.

"ஏதோ வேலைக்குப் போற மெஷின்" என்று முடிவு கட்டினார் மாப்பிள்ளை. "சனி ஞாயிறு லீவு எடுக்குது."

விமானக் கம்பெனி பொறுத்துப் பார்த்தது. பிறகு சொல்லி அனுப்பியது: இந்த வெள்ளிக்குள் சரியாகவில்லை என்றால் சாயங்கால விமானம் கிடையாது; காலையில் விடுவோம். காலை விமானத்தைப் பிடிக்க மனைவி பாதி டியூட்டியில் ஓடிவர முடியாது. வாரம் ஒருமுறை வருபவர் மாதம் ஒருமுறை, அதுவும் லீவு கிடைத்தால், வருவார். கம்பெனிக்கு அது ஒரு நேர மாற்றம். மாப்பிள்ளைக்குத் தான் காக்கும் வானம் தன் மனைவியையே இறக்கித் தரவில்லை என்கிற அவமானம்.

அவர் தேட ஆரம்பித்தார். கையில் மீன்முள் போல ஒரு சின்ன ஆன்டெனா, வேனின் முன்பக்கம் ஒரு ரிசீவரும் ஸ்பீக்கரும். இரைச்சல் எந்தப் பக்கம் பெரிதாகிறதோ அந்தப் பக்கம் போக வேண்டியது. அது எங்கள் தெருப் பக்கம்தான் இழுத்தது. தையல்காரரின் மெஷின்மேல் முதல் சந்தேகம்.

"என்ன மாப்பிள்ளை, ஆன்டெனாவுக்குச் சட்டை தைக்கணுமா?" என்றார் தையல்காரர்.

"மெஷினைக் கொஞ்சம் ஓட்டுங்க. இப்ப நிறுத்துங்க. மறுபடி ஓட்டுங்க."

"ஓட்டினா கூலி உண்டுல்ல?"

மெஷின் நிரபராதி. பல் டாக்டரிடம் போனார். நாற்காலியில் வாயைத் திறந்துகொண்டு கிடந்த நோயாளி, மீன்முள்ளோடு ஒருவர் உள்ளே வருவதைப் பார்த்து எழுந்தே போய்விட்டாராம். டாக்டர் இன்றுவரை அதை மறக்கவில்லை. வெல்டிங் பட்டறை, சலூன், உடற்பயிற்சிக் கூடம் எல்லாம் பார்த்தாயிற்று. எல்லோரும் நிரபராதிகள். தேடி முடித்து, இந்தப் பக்கம் வந்துவிட்டு மாமியாரை எட்டிப் பார்க்காமல் போனால் நன்றாக இருக்காது என்று ஒவ்வொரு நாளும் தெருமுனையில் இரண்டு ஹாரன் அடிப்பார். இரைச்சல் டக்கென்று நின்றுவிடும். சரி, இன்றைக்கு மெஷின் வேலை முடித்துவிட்டது என்று மாமியார் கையால் டீ குடித்துவிட்டுப் போவார்.

"தேடினா நின்னுடுது மேடம். தேடலைன்னா முழு நேரமும் கத்துது" என்று டவரில் போய்ச் சொன்னார்.

"குழந்தை மாதிரியா? அப்பத் தினமும் தூக்கிக்கோங்க."

யோசித்தார். எந்த நொடியில் நிற்கிறது? ஹாரன் அடித்த மறுநொடியில். திங்கட்கிழமை அப்படி, செவ்வாய்க்கிழமை வேண்டுமென்றே கவனித்தார், அப்படியே. ஹாரன்: நிசப்தம். வேறு யாராக இருந்தாலும் ஹாரன் சத்தம் கேட்டு யார் என்ன செய்கிறார்கள் என்று யோசித்திருப்பார்கள். இவர் டப்பாக்களின் மனிதர். ஹாரனுக்குப் போகும் மின்சாரம் வேனில் இருக்கும் ரிசீவரைச் செவிடாக்குகிறது. ஆகவே நின்றதாகத் தெரிவது இரைச்சல் அல்ல, ரிசீவர்தான் மயங்கி விழுகிறது என்று கண்டுபிடித்தார். டவரிலும் அதே நொடியில் இரைச்சல் நின்றதே என்று மேடம் கேட்டதற்கு, "அது தற்செயல்" என்றார்.

"சிக்னல்காரரே, உங்க ஹாரன் எனக்கு இங்க வரைக்கும் கேக்காது. ஆனா இரைச்சல் நிக்கறது கேக்குது."

"வேன் வயரிங்கைப் பிரிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றார் இவர், கௌரவத்தை விடாமல்.

புதன்கிழமை காலை முழுவதும் வேனுக்கு அடியில் படுத்துக் கிடந்தார். ஹாரனைக் கழற்றி மேஜைமேல் வைத்து அதன் வயிற்றைத் திறந்தார். குற்றமில்லை. மறுபடி மாட்ட நேரமில்லை. பொழுது சாய்ந்து இரைச்சல் ஆரம்பித்துவிட்டது. ஹாரன் இல்லாத வேனோடு கிளம்பினார்.

நான் அப்போது மொட்டை மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே தெருமுனையில் வேன் சத்தமே இல்லாமல் திரும்பியது. வழக்கமாக நிற்கும் இரைச்சல் அன்று நிற்கவில்லை. வேனின் ஸ்பீக்கரிலிருந்து அது சீறிக்கொண்டே வந்தது. எங்கள் வாசலில் வேன் நின்றபோது தெருவே வாணலியாகியிருந்தது. மாப்பிள்ளை இறங்கினார். மீன்முள்ளை இடதுபுறம் காட்டினார், வலதுபுறம் காட்டினார், பிறகு மெதுவாக மேலே தூக்கினார். அதன் முனை நேராக என் நெஞ்சுக்கு வந்து நின்றது.

"தம்பி" என்றார், கலங்கிய குரலில். "மாடியில என்ன வெச்சிருக்கீங்க?"

அடுத்தவர் வீட்டில் குடியிருப்பவனுக்கு எந்தக் கேள்வியும் விசாரணைதான். "ஒரு இஸ்திரிப் பெட்டி சார்" என்றேன். "ஷேவிங் மெஷின் ஒன்னு. அது சார்ஜ் ஏறறதேயில்லை. சின்ன அடுப்பு ஒன்னு இருக்கு, அம்மாகிட்டச் சொல்லிட்டுத்தான் வாங்கினேன். வேணும்னா எல்லாத்தையும் கீழ கொண்டு வரேன்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் இருந்த ஆன்டெனாவை, அதன் கழுத்தில் டேப் பிரிந்து தொங்கிய சின்னப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது கீழே ஜன்னல் வழியாக வயலின்கள் ஓங்கின. கூடவே:

"போயேன்டி! போய்ச் சொல்லேன்டி உன் புருஷன்கிட்ட! வாயில என்ன கொழுக்கட்டையா?"

நான் கீழே இறங்கி வருவதற்குள் மாப்பிள்ளை ஜன்னலருகே போயிருந்தார். அம்மா திரும்பினார். பார்த்தார். ஒரே பாய்ச்சலில் சுவர் ஸ்விட்சை அணைத்தார். வயலின் நின்றது. அதே நொடியில் வேனுக்குள் வாணலி அணைந்தது. தெருவில் தையல் மெஷின் ஓடுவது மட்டும் தெளிவாகக் கேட்டது.

"ஐயோ மாப்பிள்ளை, ஹாரன் அடிக்கவே இல்லையே!"

"அத்தை, அதை மறுபடி போடுங்க."

"எதை? நான் எங்க பாத்தேன், செய்தி முடிஞ்சு அதுவா ஓடிட்டு இருந்துச்சு."

"போடுங்க அத்தை."

போட்டார். வாணலி காய்ந்தது. அணைத்தார். நின்றது. "இன்னொரு தடவை" என்றார் மாப்பிள்ளை. தன்னை அவமானப்படுத்தத்தான் இப்படிச் செய்கிறார் என்று அம்மாவின் கண் கலங்கிவிட்டது.

"ஒரு பொம்பளை தனியா இருக்கா. கொஞ்ச நேரம் ஒரு கதை பாக்கக் கூடாதா? அதுக்கு வாசல்ல வண்டியை நிறுத்திப் பரிட்சை வைக்கணுமா?"

மாப்பிள்ளை வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு அம்மாவுக்கும் எனக்குமாகச் சேர்த்து விளக்கினார். மூட்டில் தண்ணீர் இறங்கியிருக்கிறது. அதனால் பூஸ்டர் படத்தைப் பெருக்குவதோடு நிற்காமல், தானே ஓர் ஒலிபரப்பு நிலையமாகி வானத்தில் கத்துகிறது. டிவியும் அதுவும் ஒரே ஸ்விட்ச். இவர் வருவதற்காக அத்தை அணைக்கிறார். அத்தைக்காக இவர் ஹாரன் அடிக்கிறார்.

"அப்ப என் பொண்ணு வர்ற ப்ளேனுக்கு வழி தெரியாமப் பண்ணினது நானா?" என்றார் அம்மா.

"நீங்க இல்லை அத்தை. டேப் சுத்தினவன்."

"யாரு அவன்?" என்று கேட்டுவிட்டு, கேட்ட பிறகுதான் அவருக்கு ஞாபகம் வந்தது. அழுகை போய்ச் சிரிப்பு வந்தது. வெகுநேரம் சிரித்தார். மாப்பிள்ளைக்கு முன்னால் அவர் அப்படிச் சிரித்து நான் அதுவரை பார்த்ததில்லை.

பூஸ்டர் அன்றே இறங்கியது. டவரிலிருந்து போன் வந்தது.

"இன்னைக்குப் பாதியில நின்னுடுச்சே. கிடைச்சுதா?"

"கிடைச்சுது மேடம். ஒரு வீட்டு டிவி பூஸ்டர்."

"யார் வீடு?"

"தெரிஞ்சவங்க வீடு."

"மாட்டினது யாரு?"

"ஒரு... டெக்னீஷியன்."

"பேரு?"

"லைன் சரியில்லை மேடம். நீங்க பேசறது ரெண்டுதான் இருக்கு."

"எனக்கு நீங்க அஞ்சுக்கு அஞ்சு கேக்கறீங்க" என்றார் டவர் மேடம். "மூச்சு வாங்கறதுகூடக் கேக்குது. மாமியார் வீடுதானே? நாளைக்குக் கம்பெனிக்குச் சொல்லிடறேன், வெள்ளிக்கிழமை ஒரு தடவை விட்டுப் பாக்கட்டும். பைலட் அஞ்சுன்னு சொன்னா நேரம் மாறாது. நாலுன்னு சொன்னாக்கூட நான் ஒன்னும் பண்ண முடியாது."

ஆனால் பூஸ்டர் போனதும் அம்மாவின் திரையில் புள்ளி புள்ளியாகப் பனி கொட்டியது. கதையோ அந்த வாரம் முடியப் போகிறது. பாலில் கலக்குகிறவள் வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் வாயைத் திறந்து உண்மையைச் சொல்லப் போகிறாள். "பரவாயில்லை மாப்பிள்ளை, பொண்ணு வந்தாப் போதும்" என்றார் அம்மா, பனியைப் பார்த்தபடியே. மாப்பிள்ளைக்குத் தாங்கவில்லை. வியாழக்கிழமை சாயங்காலம் ஸ்பேனரோடு மாடி ஏறினார். பூஸ்டர் இல்லாத வெறும் ஆன்டெனாவைக் கட்டிப்பிடித்து, அங்குலம் அங்குலமாகத் திருப்பினார். நான் படிக்கட்டில் நின்று இரு பக்கமும் செய்தி கடத்தினேன். பிறகு அதற்கும் தேவையில்லாமல் போயிற்று. அம்மாவே கீழிருந்து கத்த ஆரம்பித்தார்.

"இப்ப எப்படி அத்தை?"

"ரெண்டு!"

"இப்ப?"

"மூணு! இல்லை, ரெண்டுதான்! கொஞ்சம் கடைப் பக்கம் திருப்புங்க!"

"இப்ப?"

"நாலு மாப்பிள்ளை, நாலு! ஆனா அவ மூஞ்சி மட்டும் கோணலாத் தெரியுது!"

"அவ மூஞ்சியே அப்படித்தான் அத்தை!"

கீழே டிவியின் சத்தம் குறைந்தது.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்றது கீழ்க்குரல், மரியாதையெல்லாம் விட்டு.

உண்மை வெளிவந்தது. மனைவியும் ஆஸ்பத்திரி விடுதியில் அதே கதையைப் பார்க்கிறவர். தினமும் போனில் புருஷனுக்கு ஒரு காட்சி விடாமல் ஒப்பிப்பார். அம்மா கோபித்துக்கொள்வார் என்று அம்மாவிடம் மட்டும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை டவரில் நடந்ததை எனக்கு மூன்று பேர் மூன்று விதமாகச் சொன்னார்கள். மூன்றிலும் பொதுவாக இருந்ததை எழுதுகிறேன்.

பொழுது சாய்ந்தது. மாப்பிள்ளை ரன்வேக்கு வெளியே நிற்கவில்லை. டவரில், மேடத்தின் நாற்காலிக்குப் பின்னால் நின்றார். கீழ்வீட்டில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. அது ஓட வேண்டும் என்பது அவருடைய கண்டிப்பான உத்தரவு. டிவி ஓடும்போது வானம் சுத்தமாக இருந்தால்தான் வைத்தியம் பலித்தது என்று அர்த்தம். கண்ணாடிக்கு வெளியே, தண்ணீருக்கு மேலே, ஒரு சின்ன விளக்கு. மேடம் மைக்கைத் தூக்கி அவர் கையில் கொடுத்தார்.

"உங்க பழைய பாட்டைப் பாடுங்க. வேற யாரும் இப்ப வானத்துல இல்லை."

தொண்டையைச் செருமிக்கொண்டார். ஐந்து வரை ஏறினார், இறங்கினார். எப்படிக் கேட்கிறது என்று கேட்டார். மைக்கை விட்டார்.

பதில் உடனே வரவில்லை. மாப்பிள்ளையின் கை மேடத்தின் நாற்காலி முதுகைப் பிடித்திருந்தது. நாற்காலி நடுங்கியது என்பார் மேடம், நடுங்கவில்லை என்பார் மாப்பிள்ளை. ஸ்பீக்கரில் எண்ணெய் காயவில்லை. வெறும் மெல்லிய மூச்சு மட்டும். பிறகு பைலட்டின் குரல், பக்கத்தில் உட்கார்ந்து பேசுவது போல:

"அஞ்சு. சுத்தமான அஞ்சு." கொஞ்சம் நிறுத்தி, "என் பின் சீட்ல ஒரு அம்மா ஸ்பீக்கர்ல கேட்டுட்டு இருக்காங்க. ஆறு எங்கேன்னு கேக்கறாங்க."

மேடம் மைக்கைப் பிடுங்குவதற்குள் மாப்பிள்ளை அழுத்திவிட்டார்.

"ஆறு" என்றார்.

"இந்த அலைவரிசையில குடும்பம் நடத்தக் கூடாது" என்று மேடம் சொன்னது, மாப்பிள்ளையின் கை இன்னும் மைக்கை அழுத்திக்கொண்டிருந்ததால், அதுவும் வானத்துக்குப் போய்விட்டது.

அந்த நேரம் நான் கீழ்வீட்டில் இருந்தேன். அம்மா என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தார், கடைசி நாள் தனியாகப் பார்க்கப் பயம் என்று. திரையில் அவள் எல்லோர் முன்னாலும் வந்து நின்றுவிட்டாள். வயலின்கள் நின்றன. அவள் வாயைத் திறந்தாள். அதே நேரம் எங்கள் கூரைக்கு மேலே, ஜன்னல் கம்பிகள் அதிர, சாயங்கால விமானம் இறங்கிப் போனது. அவள் வாய் அசைந்தது. எல்லோரும் அழுதார்கள். யாரோ யாரையோ அறைந்தார்கள். விமானச் சத்தம் தேய்ந்தபோது பெயர்கள் ஓடத் தொடங்கியிருந்தன.

"என்ன சொன்னா?" என்று கத்தினார் அம்மா.

எனக்குத் தெரியவில்லை. நான் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வேன் வந்தது. ஹாரன் இன்னும் மேஜைமேல்தான் கிடந்தது. சத்தமில்லாமல் வந்து நின்றார்கள். பையோடு உள்ளே நுழைந்த மகளை அம்மா பார்த்த பார்வையில் வாரம் முழுக்கத் தேக்கிய பாசம் இருந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"கடைசியில அவ என்னடி சொன்னா?"

"நான் ப்ளேன்ல இல்ல இருந்தேன்? இங்க யாரையாவது கேட்டுத் தெரிஞ்சுக்கலாம்னு ஓடி வரேன்! அம்மா, நீ சீரியல் பாப்பியா?"

இருவரும் மாப்பிள்ளையைப் பார்த்தார்கள். அவர் கையை விரித்தார். ஊருக்கே தெளிவாகக் கேட்க வைப்பவர் வீட்டில் அந்த ஒரு வசனம் மட்டும் யார் காதிலும் விழவில்லை.

"எல்லா இரைச்சலையும் எடுத்துட்டேன் அத்தை. அந்த இன்ஜின் சத்தத்தை மட்டும் என்னால எடுக்க முடியாது."

அம்மா மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டார். சமையலறைப் பக்கம் நடந்தவர் பாதியில் திரும்பினார்.

"எடுக்க வேண்டாம் மாப்பிள்ளை" என்றார். "திங்கட்கிழமை புதுக் கதை ஆரம்பிக்குது. விளம்பரம் ஓடற நேரமாப் பாத்து இறங்கச் சொல்லுங்க. உங்க பேச்சைத்தான் கேக்கறாங்களே."